நீட்டிப்பு கிடைத்துவிட்டது

அன்புள்ள அம்மாவுக்கு, ஓஹையோவிலிருந்து சூராப். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கடையில் பணம் போட்டவன் என்று இங்கே தங்க எனக்குக் கொடுத்த முதலீட்டாளர் அனுமதியை நீட்டிப்பதற்கு முன், என் ரொட்டிக்கடையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கடையில் வேலை செய்யும் மார்சியிடம் என்னைக் காட்டி, "இவர்தான் முதலாளியா?" என்று கேட்டார்.

"முதலாளியா? பாத்திரம் கழுவுறதே அவர்தான் சார்," என்றாள். கடையை நடத்துபவனுக்குத்தான் இந்த அனுமதி, பாத்திரம் கழுவுபவனுக்கு இல்லை. அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நாட்டைவிட்டு வெளியே வந்தால் இந்த நீட்டிப்பு செல்லாது. புது விசா கிடைத்தால்தான் திரும்பலாம். கிடைக்காவிட்டால் கடை போய்விடும், மார்சியின் வேலையும்தான். அதனால் தங்கை தமுனாவின் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

அப்பா இல்லாததால் விருந்தில் மணமக்களை வாழ்த்தி முதல் கோப்பையை நான் தூக்குவதாக இருந்தது. வாஜா மாமாவைத் தூக்கச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்; அவள் அழுதுவிடுவாள்.

கடை வாசலில் ரொட்டி வாங்க ஆட்கள் நிற்கிறார்கள்.

உங்கள் சூராப்