தடித்த கவர்

அக்டோபர் 8, செவ்வாய்

பணிமனை வாசலில் மருத்துவப் பரிசோதனை வண்டி வந்து நின்றது. வருஷா வருஷம் வருவதுதான். இடுப்பளவு, ரத்தம், மார்பு எக்ஸ்ரே, வயிற்றுப் படத்துக்காகக் குடிக்கவைக்கும் அந்தப் பாழாய்ப்போன பேரியம். எல்லாம் முடிந்த பிறகு மனநிலைத் தாள். ஐம்பத்தேழு கேள்வி. 'நிறுவனத்துக்குக் காட்டப்படாது' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காட்டமாட்டார்கள் என்றால் அதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்?

போன வருஷம், எங்களோடு பஸ் ஓட்டிய ஹிராசே அதை நம்பி உள்ளதை உள்ளபடி நிரப்பினான். இரண்டே மாதத்தில் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கி, பஸ் கழுவப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

முதல் மூன்று கேள்வியைப் படித்தேன். 'வேலை அளவுக்கு மீறி இருக்கிறது' — வலது ஓரக் கட்டம் 'இல்லவே இல்லை'. இது போதும். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை, இரண்டு பக்கமும் டிக். தினமும் பிரேக், டயர், விளக்கு என்று பார்க்காமலே டிக் அடிக்கிற கைதானே. இரண்டு நிமிஷத்தில் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

இன்றும் மூன்று மணிக்கே விழிப்பு. நான்காவது வாரம்.

அக்டோபர் 30, புதன்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன். "டிரைவர், மணி அடிச்சேனே, கேக்கலையா?" என்று ஒரு பெண் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால், நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு ஓர் அம்மாள் கையைத் தூக்கியபடி நிற்கிறாள். நிறுத்தத்தை மறந்தது கூடப் பரவாயில்லை. அதற்கு முந்தைய இரண்டு நிறுத்தங்களும் ஞாபகத்தில் இல்லை. நின்றேனா? கதவைத் திறந்தேனா?

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸுக்குள் கேமரா இருக்கிறது. மேற்பார்வையாளர் ஓதாகி சாயங்காலம், "எல்லாம் சரிதானே செகினே?" என்றார். தினமும் கேட்பதுதான். இன்று கேட்ட விதம் வேறு.

நவம்பர் 14, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ஓதாகியே கையில் கொடுத்தார். ஒட்டின கவர்தான். ஆனால் மற்றவர்களுடையதில் ஒரே ஒரு தாள், தொளதொளவென்று இருக்கிறது. என்னுடையது தடி. கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். இதற்குப் பெயர் ரகசியமாம்.

உள்ளே: உங்கள் மன அழுத்தம் மிக அதிகம். மருத்துவரைப் பார்க்க விரும்பினால் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கவும்.

நிறுவனத்திடமா? பொறியை வைத்துவிட்டு, நீயே வந்து மாட்டிக்கொள் என்று அழைப்பு வேறு. நான் எல்லாவற்றுக்கும் நலம் என்றுதானே போட்டேன். தாளை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஓதாகியா? இல்லை, நான் தூங்குவதில்லை என்று என் மனைவி கனாயே பணிமனைக்குப் போன் செய்துவிட்டாளா? கேட்டேவிட்டேன். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம்.

"நீங்க தூங்கலன்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லணுமாக்கும்? உங்க மூஞ்சியே சொல்லுது" என்றாள். சொல்லவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

வாகுயிக்கும் தடிக் கவராம். பதினாறு வருஷமாக என் பக்கத்து வண்டியை ஓட்டுகிறவன். கப் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறான்.

"யோவ், ரெண்டாம் பக்கத்தைப் படிச்சியா நீ? அங்க கேள்வியையே திருப்பிப் போட்டுட்டானுங்க. 'சோர்ந்து கிடக்கேன்'னு இருக்கு, வலது ஓரத்துல 'எப்பவும்'னு இருக்கு. நானும் உன்ன மாதிரி சரசரன்னு டிக் அடிச்சுத் தள்ளிட்டேன். கவர்ல நம்பர் போட்டிருந்த நர்ஸ்கிட்ட போன்ல சொன்னேன். திரும்ப உக்காந்து போட்டோம். இப்ப நான் சுத்தத் தங்கம்."

அவ்வளவுதானா. யாரும் எதையும் மாற்றவில்லையா. ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன். சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து அந்த நர்ஸைக் கூப்பிட்டேன். என் செல்போன் எண் அவர்களிடம் எதற்கு?

நவம்பர் 27, புதன்

நர்ஸை நேரில் போய்ப் பார்த்தேன். பெயர் ஹோஷினா. "தப்பா டிக் அடிச்சிட்டேன், திருத்தணும், வேற ஒண்ணுமில்ல" என்றேன். "திருத்திட்டா போச்சு. நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க."

முதல் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் 'சோர்ந்து கிடக்கிறேன்' வந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஊன்றுகோல் அம்மாள் நினைவுக்கு வந்தாள். அவள் சாலையில் காலை வைத்திருந்தால்? நான் பார்த்திருப்பேனா? பார்த்திருக்கமாட்டேன்.

"எப்பவும்" என்றேன்.

தூக்கம் இல்லை — எப்பவும். எதிலும் மனம் ஒட்டவில்லை — எப்பவும். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியல. அழுதுட்டேன். வெக்கமா இருந்தது. பெட்டியோடு டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் தாளில் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள்.

"திருத்தினதுல பெருசா ஒண்ணும் மாறல, செகினே. மூணு கேள்விதான் மாறிருக்கு."

"இது ஓதாகிக்குப் போகுமா?"

"நீங்க விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டாதான் டாக்டரைப் பாக்க முடியும். போட்டா அவருக்குத் தெரியும். அதை நான் மறைக்கல."

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

பஸ் கழுவிக்கொண்டிருந்த ஹிராசேயிடம் கேட்டேன். தாளைப் பார்த்துத்தானே உன்னை இறக்கினார்கள்?

"யாருய்யா சொன்னது? நானே கேட்டு வாங்கினது இது. ஒரு நாள், என் பஸ்ஸுக்கு முன்னாடி போன சைக்கிள் கண்ணுலயே படல. அதுக்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே பயமாயிருச்சு."

"எங்ககிட்ட சொல்லலையே?"

"நீ கேட்டியா?"

பொய் சொல்கிறானோ என்று முகத்தையே பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. ஒரு வருஷமாக அவன் கதையை ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

டிசம்பர் 4, புதன்

கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது: ஆறு வாரம் பஸ் ஓட்டக்கூடாது. பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கு அடையாள அட்டை கட்டும் வேலை. "ஆறு வாரம்தான். அப்புறம் உங்க வண்டி உங்களுக்கே" என்றார் ஓதாகி. எழுதித் தாருங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் எழுதி முத்திரையும் குத்தித் தந்தார். நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையிலிருந்து பனி கொட்டுகிறது. வீட்டுக்கு வாகுயியின் பஸ்ஸில் ஏறினேன். இறங்க வேண்டியது எட்டாவது நிறுத்தம். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, இந்தப் பனியில் இவன் எப்படிப் பிரேக் போடுகிறான் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ். கடைசி நிறுத்தம் வந்தாச்சு."

ஐம்பது நிமிஷம் போயிருக்கிறது. பஸ் காலி. ஏன் எழுப்பவில்லை என்று சண்டைக்குப் போனேன். "ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை மனசு வரல" என்று சொல்லிவிட்டு சீட்டைத் துடைக்கப் போய்விட்டான்.

அதே பஸ்ஸில் திரும்பினேன். மறுபடியும் தூங்கிவிட்டேன்.