கோட்டை ஏணியும் சங்குக் கயிறும்

4 பிப்ரவரி 1953, புதன்

வாடைக் காற்று தணிந்துவிட்டது. கடல் தெளிந்து வருகிறதாம். திங்கட்கிழமை சங்கு எடுக்கப் படகு இறங்கும்.

இவர், என் வீட்டுக்காரர், முங்குவார். மூச்சு முட்டினால் இடுப்புக் கயிற்றைச் சுண்டுவார். படகிலிருந்து என் காக்கா இழுத்துவிடுவார். கூடப் பிறந்தவர் எனக்கு அவர் ஒருவர்தான். கீழக்கரையில் வழக்கமே அதுதான், கயிறு மனைவியின் உடன்பிறந்தான் கையில். தங்கை கழுத்துத் தாலிக் கருகமணிக்காகவாவது கண் அசர மாட்டான். போன பருவக் கடைசியில் இவர் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தார். சுண்டியும் இழுக்கவில்லை, தூங்கிவிட்டார் என்று இவர். சுண்டினதே பிந்தி என்று காக்கா. அதோடு பேச்சு நின்றது. இந்த வருஷம் கயிற்றைக் கூலிக்கு யாரோ ஒருவன் பிடிப்பானாம். யாரோ ஒருவன்.

நாளை காட்டுபாவா பள்ளிவாசலுக்கு நேர்ச்சை. வழியில் திருமயம் மலைக்கோட்டை. பிளசர் கார் பேசியாயிற்று. இவரையும் காக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன்; ஒருவர் வருவதை இன்னொருவருக்கு நான் சொல்லவில்லை.

எடுத்துவைக்க: புளிச்சோறு, அவித்த முட்டை 12, இஞ்சி முரப்பா (இவருக்குக் காரில் குமட்டும்), ஊதுபத்தி.

6, வெள்ளி

நேற்று எழுதக் கை ஓடவில்லை.

காரில் காக்கா முன்னால், நானும் இவரும் பின்னால். "தங்கச்சி, முட்டை வேணுமான்னு கேளு." "வேணாம்னு சொல்லு." திருமயம் வரை இதே. என் தொண்டைதான் வறண்டது.

கோட்டைக்குள் பெரிய பாறை. எங்கள் ஊரில் மணல்மேட்டை விட உயரமாக எதைக் கண்டோம். பாறை நடுவில் குடைந்த அறை, வெடிமருந்து வைத்ததாம். ஏற இரும்பு ஏணி. காக்கா பார்க்கிறார் என்பதற்காகவே இவர் விறுவிறுவென ஏறினார். ஏறிக் கீழே பார்த்தார். அவ்வளவுதான். ஏழு பாகம், நாற்பதடிக் கடல் ஆழத்துக்கு அஞ்சாத மனிதர், அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு. "இறங்கிருங்கய்யா, காத்து கூடுது" என்று காவல்காரர். இவர் அரை மணியாக அசையவில்லை. நான் அழுதுவிட்டேன்.

காக்கா காருக்கு ஓடினார். கார் மேலே சாமான் கட்டிய கயிற்றை அவிழ்த்து வந்து ஏறினார். இவர் இடுப்பில் கட்டினார். காக்கா மேலே நின்று கயிற்றை விட்டுக்கொடுக்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். பாதி ஏணியில் என்ன பயமோ, பழக்கதோஷம், கயிற்றைச் சுண்டிவிட்டார்.

சுண்டின கணமே காக்கா இழுத்துவிட்டார். கால் ஏணியை விட்டு, இவர் அந்தரத்தில் தொங்குகிறார்.

"எறங்குற ஆளை எதுக்கய்யா இழுக்குறீக?" என்று காவல்காரர் கத்தினார்.

"சுண்டுனா இழுப்பேன்" என்றார் காக்கா மேலிருந்து. "தங்கச்சி, அவருகிட்டக் கேளு. சுண்டி இழுக்க எம்புட்டு நேரமாச்சுன்னு."

நான் கேட்கவில்லை. இவர் காதிலேயே விழுந்திருக்கும். பிறகு காக்கா படி படியாக இறக்கிவிட்டார். பள்ளிவாசலில் பாத்திஹா ஓதும்போது ஆளுக்கொரு தூணடியில். திரும்பும்போதும் முன்னால், பின்னால். ஆத்திரமாக வந்தது. முட்டை ஆறு மீதம்.

9, திங்கள்

சுப்ஹு தொழுகை முடிந்ததும் இவர் சங்குக் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்க காக்காகிட்டக் குடுத்துரு." செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

காக்கா கடலுக்கு உடுத்தி வாசலிலேயே நின்றிருந்தார். கயிற்றை முழம் முழமாக இழுத்துப் பார்த்தார். "சுண்டுறதை நேரத்தோட சுண்டச் சொல்லு."

வந்து சொன்னேன். இவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சரின்னு சொல்லு" என்றார்.