கிணற்றுக்கு மேற்புறம் ஒரு குழி

லாபு,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை தர்மேந்திரனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஷாமினியின் கட்டிலருகே உங்கள் மாமா வைத்திருந்த செம்பை எடுத்துப்போய், அதிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை அதே அளவுக்கு அதில் நிரப்பினேன். மேலே மிதந்த துளசி இலைகளை நன்றாகக் கழுவித் திரும்பப் போட்டு, சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். சில வாரங்களாக என் காலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. பெற்ற மகள் தூங்கும் அறைக்குள் திருடியைப் போல் போய் வருகிறேன்.

பயப்படாதீர்கள். ஷாமினி நன்றாகச் சாப்பிடுகிறாள். குழந்தையின் அசைவு நன்றாக இருக்கிறது. இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் போன் அவள் கையில்தான் இருக்கிறது. நான் பேசும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். செய்தி அனுப்பினால், பாதி படித்ததுமே பதறி அவளைத்தான் முதலில் கூப்பிடுவீர்கள். போன முறை கரு தங்காமல் போனபோது அவள் எப்படி இருந்தாள் என்று நீங்களும் பார்த்தீர்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற நினைப்பை அவள் காதில் போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் தாளில் எழுதி, பிந்துலுவில் உங்கள் வேலையிடத்து முகவரிக்கு அனுப்புகிறேன்.

எங்கள் கோயில் கிணறு உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஐஸ் போட்டதுபோல் இருக்கிறதே என்றீர்கள். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து பல வருஷமாகியும், வாரத்தில் பாதி நாள் குழாயில் காற்றுதான் வருகிறது. வந்தாலும் செம்மண் நிறம். அதனால் கோயில் கிணற்றில் மோட்டார் வைத்து, தொட்டியில் ஏற்றி, இந்த வரிசை வீடுகள் எல்லாமே குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் எடுக்கிறோம். தெளிந்த தண்ணீர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கும்தான்.

ஷாமினி பிரசவத்துக்கு வந்த புதிதில், பிறக்கப்போகும் பிள்ளையைக் குளிப்பாட்டவேண்டிய தண்ணீராயிற்றே, கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு போத்தலில் பிடித்துக் குமுதினியிடம் கொடுத்தேன். என்னோடு கல்லூரியில் வேதியியல் படித்தவள். நீலாயில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். ஒரு வாரம் கழித்துப் பள்ளி இடைவேளையில் கூப்பிட்டாள். “கிருமி ஒண்டும் இல்லை திலகா. ஆனா நீ கேக்காத ஒரு சாமான் கிடக்கு. உங்கட பக்கம் கல்குவாரி இருக்கா? பட்டாசு கிட்டாசு செய்யிற இடம்?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குழி ஞாபகத்துக்கு வந்தது. கையிலிருந்த தேநீரை அப்படியே மேசையில் வைத்தேன். வகுப்பு மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிருந்து அம்பாங்கானுக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்கள், திருவிழாவுக்கு வாணவேடிக்கை விடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். பெட்டி பெட்டியாக வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கோயிலைவிட நம் வானம் அதிக நேரம் எரிய வேண்டும் என்று ஒரு போட்டி வேறு. எல்லாப் பெட்டிகளையும் சன்னதியில் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை செய்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள். திருவிழா என்றால் இங்கே மழையும் வந்துவிடும். நனைந்து போனதும் வெடிக்காமல் விழுந்ததும் பாதிக்குப் பாதி. அப்படி விழுந்த ஒன்றைக் குனிந்து எடுத்துத்தான் எங்கள் வரிசைச் சன்னாசிக்கு இரண்டு விரல்கள் போயின.

மாமா அப்போதுதான் கோயில் தலைவராகியிருந்தார். அந்த இரத்தத்தைப் பார்த்தவர் அடுத்த வருஷத்திலிருந்து ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். வெடிக்காததையெல்லாம் விடிந்ததும் பொறுக்கி, டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டும். மருந்து கரைந்ததும் எல்லாவற்றையும் குழியில் கொட்டி மூட வேண்டும். குப்பை லாரியில் ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். “மஞ்ச குங்குமம் வெச்சு சாமிக்குக் காட்டுன பொருள போய் குப்பையில போடுவாங்களா? நீயெல்லாம் டீச்சரு!” என்றார். கால் படாத இடமாக இருக்க வேண்டும் என்று, கருவறைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் அவரே மண்வெட்டி பிடித்து வெட்டினார். கிணறு அந்த மேட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. வருஷம் தவறாமல் டிரம் தண்ணீரும் அந்தக் குழியில்தான் போகிறது. மழையும் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

இனி யாருடைய விரலும் போகக்கூடாது என்று ஒரு நல்ல மனிதர் செய்த காரியம் அது. கெட்டவர் யாராவது செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

குமுதினி சொன்ன அந்தச் சாமான் ஓர் உப்பு. பெயர் பெர்குளோரேட். வாணம் எரிவதற்கு அதுதான் காற்றுக் கொடுக்கிறது. தண்ணீரில் கரைந்தால் நிறம் இல்லை, வாசம் இல்லை, ருசி இல்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றும், அது மிஞ்சும். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை அது சரியாக வேலை செய்யவிடாது. பெரியவர்கள் ஓரளவு தாங்கிக்கொள்வார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வதற்கோ அம்மாவின் அந்தச் சுரப்பிதான் துணை. கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. எங்கள் கிணற்றில் இருக்கும் அளவைச் சொல்லிவிட்டு, “இதைக் குடிக்க வேண்டாம், ஒரு மிடறும் வேண்டாம்” என்றாள் குமுதினி. ஷாமினி அதற்குள் எத்தனையோ மிடறு குடித்திருந்தாள்.

மாமாவிடம் அன்றைக்கே சொன்னேன். முதலில் சிரித்தார். “நாலு தலமொறயா குடிக்கிறோம், செத்தா போயிட்டோம்?” என்றார். குழிக்கு நாலு தலைமுறை வயசாகவில்லையே என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். “கம்பெனி தோட்டத்த வித்தாச்சு. கோயில் நெலம் நம்ம பேர்ல இல்ல. தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஒரு கடுதாசி போனா போதும்லா, அதையே காட்டி இடிச்சிருவானுங்க” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நிலத்தை வாங்கியவர்கள் இரண்டு தடவை வந்து கோயிலை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை நடுங்க வைத்தது. எழுந்து போய்த் தொட்டியிலிருந்து ஒரு செம்பு நிறையப் பிடித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே முழுதும் குடித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் ஷாமினிக்கு அதே கிணற்று அபிஷேகத் தண்ணீர் கொண்டுவந்தவர், அன்றிலிருந்து தினமும் கொண்டுவருகிறார். “சாமி தண்ணிம்மா, புள்ளைக்கு நல்லது” என்று துளசி போட்டுக் கட்டிலருகே வைக்கிறார். நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைக்காதீர்கள். நம்பினால், தன் கையால் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டுமே. அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதைத் தினம் பார்த்துத்தான் அவரால் தூங்க முடிகிறது.

ஷாமினியை ஏமாற்றுவது சுலபமில்லை. “தண்ணியில பிளாஸ்டிக் வாசம் வருதும்மா. அப்பா ஊத்துற தண்ணி இப்படி இருக்காதே” என்று கேட்டுவிட்டாள். கர்ப்பத்தில் மூக்கு அப்படித்தான் என்று சமாளித்தேன். அவளுக்குத் தைராய்டு கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்ததை உங்களிடம் சொல்லியிருப்பாள். இரத்தத்தைப் பார்க்கச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் எடை பார்க்கப் போயிருந்தபோது, டாக்டரிடம் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரால்தான் என்று தன்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். தண்ணீரை மாற்றுங்கள், மாத்திரையை விடாமல் கொடுங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று கதவு வரைக்கும் காத்திருந்தேன்.

என்னால் முடிந்தவரை காவல் காக்கிறேன். ஆனால் நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மாமா கொடுக்கும் தண்ணீரை யார் மாற்றுவது? பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா பாசமாகக் கொண்டுவரும் ரசத்தை எப்படித் தடுப்பது?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்து ஷாமினியைக் கோலா பிலாவுக்கு, உங்கள் அம்மாவிடம் அழைத்துப் போய்விடுங்கள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்புப் போட்டுக் கூட்டிவந்த பெண்ணை, வயிறும் பிள்ளையுமாகத் திருப்பி அனுப்புவது எங்கேயும் நடக்காத காரியம். சம்பந்தி மயிலம்மாள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெத்தவளுக்கு வைத்துப் பார்க்க வக்கில்லையா என்பார்கள். சொல்லட்டும். அத்தைக்கும் எனக்கும் வாய்த்தகராறு, அதனால் கூட்டிவந்தேன் என்று சொல்லுங்கள். என் வாய் சரியில்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். என்மேல் எந்தப் பழி போட்டாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

அந்த லெட்சுமி அக்காவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவர் மருமகள் வேலைக்குப் போவதால் பேரனுக்கு மாவுப்பால்தான். கிணற்றுத் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்துக் கலக்குகிறார். சுத்தமாக இருக்க வேண்டுமாம். நான் ஒரு பெட்டி போத்தல் தண்ணீரைக் கொண்டுபோய், பள்ளியில் மிஞ்சியது என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். “என்னா டீச்சரு, பேரப்புள்ள வரப்போவுதுன்னு சீமாட்டி ஆயிட்டீங்களா?” என்று சிரித்தவர், விருந்தாளிக்கு ஆகும் என்று அதை அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டார். நேற்று மாலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “தங்கமான புள்ள டீச்சர். அழுவுறதே இல்ல. எழுப்பி எழுப்பித்தான் பாலு குடுக்க வேண்டியிருக்கு” என்று பெருமையாகச் சொன்னார். சில குழந்தைகள் அப்படித்தான் தூங்கும். இது வெறும் தூக்கமாகவும் இருக்கலாம், தைராய்டு குறைந்த சோர்வாகவும் இருக்கலாம். நான் அங்கே நின்று சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மாப்பிள்ளை. மறுபடி எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

கடிதத்தைத் தொடங்கும்போது என் மனதில் இருந்தது வேறு. நீங்கள் வந்து ஷாமினியை அழைத்துப் போன பிறகு, மற்றதை யோசிக்கலாம் என்றிருந்தேன். என் பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு ஊருக்குச் சொல்வது. அதுவரை அந்தப் பையன் குடித்துக்கொண்டிருப்பான். எழுத்தில் பார்க்கும்போது அதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதத் திருவிழாவுக்குப் பெட்டிகள் வேறு வந்து இறங்கிவிட்டன.

தலைவலி என்று இன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மூடியதும் லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போய், இந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று நேராகச் சொல்லப் போகிறேன். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். பிறகு சிரம்பானுக்குப் பஸ் ஏறி, இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, குமுதினி கொடுத்த சோதனை முடிவோடு சுகாதார அலுவலகத்துக்குப் போகிறேன். குழியை வெட்டியது யார் என்று கேட்பார்கள். என் கணவர் புனிதன் என்று சொல்வேன். கோயிலை இடிக்க வருவார்களா, அவர்மேல் வழக்குப் போடுவார்களா, இந்த வரிசையில் இனி யார் என் முகத்தில் விழிப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. மாமாவிடம் சொல்லவில்லை. குமுதினிக்கும் தெரியாது. அம்மனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இது உங்கள் கைக்கு வரும்போது இங்கே எல்லாம் வெடித்திருக்கும். இரண்டு பக்கமும் பேச்சுக் கேட்டுக்கொண்டு ஷாமினி நடுவில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். புறப்பட்டு வாருங்கள். அவள் அப்பாவைக் கண்டால் மட்டும் கோபமாக ஒன்றும் பேசிவிடாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீங்களும் அவளும் பிறக்கப்போகும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள், மாப்பிள்ளை.

உங்கள் அத்தை,
திலகா