சண்டைக்கு ஒரு தலையணை

போடி,
புதன்கிழமை

அன்புத் தங்கை ஜக்கம்மாவுக்கு,

நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்த உன் அக்கா எழுதுவது. ஆபரேஷன் முடிந்து ஐம்பது நாளாகிறது. தையல் ஆறிவிட்டது. காலையில் எடை பார்க்கிறேன், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறேன், உப்புக் குறைந்த கஞ்சியை வாய்க்குள் தள்ளுகிறேன். நடை மட்டும் ஏலக்காய் பொறுக்கப் போவோமே, அந்த ஸ்டோர் வரைக்கும். வாசலில் போய் நின்றால் உள்ளே உட்கார்ந்து காய் பொறுக்குகிறவளுக பேச்சை நிறுத்திவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நலம் விசாரிக்கிறாளுக. இருபது வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவளுக! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் என் மகன் செல்லப்பாண்டி செய்த வேலை. வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது. அம்மா மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது; அதைப் பிடித்துக்கொண்டான். அழுகை வரும், பயம் வரும், உள்ளேயே வைக்காமல் யாரிடமாவது பேசுங்கள் என்றும் சொன்னது. அதற்குள் அவன் எழுந்து மாத்திரை வாங்கப் போய்விட்டான். ஊருக்கு வந்ததும் எல்லோருக்கும் போன் போட்டு, "அம்மாகிட்ட எதையும் சொல்லாதீக" என்றுவிட்டான். நேற்றுக் குளிக்கும்போது காரணமே இல்லாமல் அழுதேன். என்னவென்று கேட்க ஆளில்லை.

நீயுமா ஜக்கம்மா? குழம்பில் புளி கூடியதற்கே போனில் அரைமணி நேரம் கத்துகிறவள், இப்போது உடம்பைப் பார் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உன் மகள் மாரீஸ்வரி புருஷன் வீட்டை விட்டுக் கைப்பிள்ளையோடு உன்னிடம் வந்து ஒரு மாதமாகிறதாம். உன் தெருவில் இருக்கும் ராக்கையா அண்ணன் ஊருக்கு வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டார். நீ திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது அவளை வளர்த்தவள் நான். கேட்டதும் என் நெஞ்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. நீ மறைத்ததுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு வா. இன்னும் ஒரு மாதம் நான் எதையும் தூக்கக் கூடாதாம். பிள்ளையை மடியில் கிடத்தினால் போதும். அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் போகிறேன். நீயும் பதிலுக்குக் கத்து. இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள். அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

மாரீஸ்வரியும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். நீ நூறு வயது இரு. வந்ததும் முதலில் என்னைத் திட்டு, பிறகு தண்ணீர் குடி.

உன் பேச்சுக்கு ஏங்கிக் கிடக்கும் அக்கா,
சோணையம்மாள்