முள்ளங்கி வேர்

அன்புள்ள கணவனுக்கு,

லூவன் நகரத் தோட்டத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, செடியை நேரில் பார்த்து வரைந்ததாகச் சொல்லி நீ அனுப்பிய நாபிச் செடிப் படம் வந்தது. மருத்துவர் சொக்கிப்போனார். "இலையில பனித்துளியைப் பாரும்மா, தொட்டா விரல் நனைஞ்சிடும்! ஆண்ட்வெர்ப் ஓவியன் கைன்னா சும்மாவா? என் மூலிகைப் புத்தகத்துக்கே இதுதான் அழகு!" என்றார்.

நான் வேரைப் பார்த்தேன். வெள்ளையாக, நீளமாக, சந்தை முள்ளங்கியேதான்.

அப்பாவின் ஓவியப் பட்டறையைப் பாதியில் விட்டு ஓடியவள்தான் நான். ஆனால் அங்கே நாம் வரைந்ததெல்லாம் ஜாடியில் வைத்த பூ என்பது மறக்கவில்லை. ஜாடிப் பூவுக்கு வேர் ஏது? பூவை அப்பாவின் படத்திலிருந்து எடுத்தாய். வேரைச் சமையலறையிலிருந்து எடுத்தாய். யாருடைய சமையலறை என்று நான் கேட்கவில்லை.

நாபி விஷச்செடி. உன் படத்தை நம்புகிறவனுக்கு நிஜக் கிழங்கை அடையாளம் தெரியாது, தின்று செத்துப்போவான். அதனால் நேற்று நானே லூவனுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தேன். கறுத்த இரட்டைக் கிழங்கு.

"என் புருஷன் இங்கதானே உட்கார்ந்து வரைஞ்சாரு?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் வரலையேம்மா. வந்திருந்தா என் பாத்தியை மிதிச்சிருப்பாரு, நானும் நல்லா திட்டியிருப்பேன். அதெல்லாம் மறக்குமா?"

வேரை மட்டும் மாற்றி வரைந்து மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கடிதத்தை, உன் படங்களைக் கொண்டுவரும் வண்டிக்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவனுக்காவது தெரிந்திருக்கிறதே.

இப்படிக்கு,
இன்றுவரை உன் மனைவி