பிய்த்தெறிந்த அட்டைகள்

டீச்சரம்மாவுக்கு,

இந்தத் தடவை அப்படிக் கூப்பிடுவது கிண்டலுக்கு இல்லை. நேற்று நீ உன் புருஷனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை, அதனால்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

கார் நிறுத்தும் அடித்தளத்தில் நேற்று அலாரம் அடித்தது. பலகையில் "கார்பன் மோனாக்சைடு" என்று ஓடியது. என்னோடு காவலுக்கு நின்றவன், "நாம விடுற மூச்சுதானே, அமத்தி விடு" என்றான். எனக்கு நீ மனப்பாடம் செய்வது காதில் கேட்டது: "மூச்சுல வர்றது டை ஆக்சைடு, டைன்னா ரெண்டு ஆக்சிஜன். மோனோன்னா ஒண்ணு. அது ஆளைக் கொல்லும்."

கார் கழுவிக்கொண்டிருந்த ஆறு பேரையும் மேலே விரட்டினேன். புகையை இழுக்கும் விசிறி நின்றுபோயிருந்தது. ஒருவருக்குத் தலைசுற்றல், அத்தோடு போயிற்று.

"இந்த வயசுல படிச்சு யாரைக் காப்பாத்தப் போற" என்று கத்தினேனே? ஆறு பேரை. எங்களையும் சேர்த்தால் எட்டு.

நன்றி சொல்ல மேனேஜர் இன்று நாலு மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறார். நான் வர ஐந்தாகும். அந்த நன்றியை நீயே வாங்கிக்கொள், அது உனக்குச் சேர வேண்டியது.

சாப்பாடு அடுப்பு மேல். பீரோ சாவி செருப்பு அலமாரியில்.

நீ படிக்க வேதிப்பெயர் எழுதி ஒட்டி, கோபத்தில் நான் பிய்த்தெறிந்த அட்டைகளைப் பழையபடி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

பி.கு.: உப்பு அட்டை மட்டும் கிடைக்கவில்லை. நானே எழுதி உப்பு டப்பாவில் ஒட்டியிருக்கிறேன்: சோடியம் குளோரைடு. உலோகம் சேர்ந்ததற்கு எண்ணிக்கை சொல்லக் கூடாது என்பாயே, அதனால் மோனோ போடவில்லை. தப்பென்றால் திட்டு. திட்டவாவது பேசு.