நான்காம் பக்கத்து வரைபடம்

மார்ச் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நலமா? உன் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்றா?

அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தில் முன்னணிப் பெண்கள் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வருமே, இந்தத் தடவை நானும் விண்ணப்பித்திருக்கிறேன். நகல் இத்துடன். பட்டியலில் வந்தால் நம் ஆபீஸ் காப்புரிமைப் பிரிவுக்கு நான் தலைவி. வராவிட்டால் முதலாளியின் மருமகன். பத்து வருஷம் எனக்கு இளையவன், டை மட்டும் அழகாகக் கட்டுவான். அவனுக்குக் கீழே கைகட்டி நிற்க என்னால் ஆகாதடி.

சிபாரிசுக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். போன் செய்து, நீ இங்கே இருந்தபோது நடந்த ஆஸ்துமா இன்ஹேலர் வழக்கைப் பற்றிக் கேட்பார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லு. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. லிஃப்ட் வருவதற்குள் பத்துத் தடவை பொத்தானை அமுக்குகிறேன்.

உன்
வாயாடி

மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

கம்பி போட்டாயிற்று. மகாராணி இப்போது சிரிப்பதே இல்லை.

விண்ணப்பத்தைப் படித்தேன். நான்காம் பக்கத்தில், "முப்பது வருஷத்துக்கு முந்தைய வரைபடத்திலேயே அதே வால்வு இருந்ததைக் கண்டுபிடித்து, அது புதிது இல்லை என்று காட்டி, எதிர்த்தரப்பின் காப்புரிமையை ரத்து செய்யவைத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். கண்டுபிடித்தது யார்? எட்டு மாத வயிற்றோடு ஆவணக் காப்பகத்தில் ஏணி ஏறியது நான். வாதங்களை எழுதிக் கொடுத்ததும் நான். பிரசவ லீவில் போனவள் பெயர் எதற்கு என்று ஆபீஸ் வழக்கப்படி என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டார்கள். எனக்காகச் சண்டை போட்டதாக அன்றைக்குச் சொன்னாய்.

போட்டாயா?

பூதக்கண்ணாடி

மார்ச் 11

என் அருமைத் தோழிக்கு,

போடவில்லை. முதலாளியின் அறை வாசல்வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். சண்டை போட்டதாக உன்னிடம் சொன்னது பச்சைப் பொய்.

அப்புறம் ஒவ்வொரு கருத்தரங்கிலும் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். பதினொரு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்த ஏணியில் நானே ஏறினதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. உன் கடிதம் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாரக் கடைசியில் தேர்வு முடிகிறது. இப்போது போய்த் திருத்தினால் மருமகனுக்குக் கொண்டாட்டம். அவர்கள் கேட்டால் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நீ வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. உனக்கு இதில் என்ன போகப்போகிறது?

வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

நேற்றுக் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பட்டியல்காரர்களிடமிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். கேள்விகளை வரிசையாக வாசித்தாள். "அவர் நன்றாக வாதாடுவாரா?" என்றாள். "மூன்று நாள் ஒற்றை ஆளாக நின்று எதிர்த்தரப்பின் ஐந்து வக்கீல்களையும் வாயடைக்க வைத்தாள், என்னால் அது முடிந்திருக்காது" என்றேன். அது பொய்யில்லை.

அடுத்து, "வரைபடத்தைக் கண்டுபிடித்தது அவர்தானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் கடைசி வரி நினைவுக்கு வந்தது. "இல்லைம்மா, நான்" என்று சொல்லிவிட்டேன்.

இதனால் அந்தப் பிரிவு உன் கையை விட்டுப் போகலாம். தெரிந்துதான் சொன்னேன். நீ என்னைத் திட்டு, எழுதாமல் இரு, எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்ன போகப்போகிறது என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண், "மன்னிக்கணும், உங்க பேரை எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். அந்த வழக்குக்காக என் பெயரை யாரும் கேட்டதே இல்லையடி. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொன்னேன். சரியாக எழுதிக்கொண்டாளா என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

இப்படிக்கு,
உன் தோழி